சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வீடு: செல்போன் சிக்னலுக்கு வெளி ஆன்டெனா வைக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் சவுக்கு. கன்று வைத்த வருடம் திண்ணையில் உட்கார்ந்தபடியே வீடியோ கால் பேசலாம். மூன்றாம் வருடம் மரம் வீட்டைத் தாண்டி வளர்ந்ததும் போனில் ஒரே ஒரு கோடு நிற்கும், சில நாள் அதுவும் நிற்காது. தோப்பை வெட்டி லாரியில் ஏற்றிய மறுநாள் சிக்னல் திரும்பி வந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலாவுக்கு நடுவே வீடு கட்டியிருப்பவர்களுக்கு இந்த விடுதலையும் கிடையாது. முந்திரியை யார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெட்டப் போகிறார்கள்?

ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. ஆட்டோக்காரருக்குப் போன் போட மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசினேன். இதற்கு ஒரு வழி செய்தே ஆக வேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன். ஆறு மாதம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் செய்த தவறுக்கு நீங்களும் காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் அளவெடுங்கள்

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒரு போனில் மூன்று கோடு என்பது இன்னொன்றில் ஒரு கோடாக இருக்கும். நமக்கு வேண்டியது எண். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' என்ற இடத்தில் சிம் ஸ்டேட்டஸைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர், செல்மேப்பர் போன்ற ஆப்கள் இன்னும் விவரமாகக் காட்டும்.

எண் எப்போதும் மைனஸில்தான் வரும். 4ஜியில் மைனஸ் 80 என்றால் அருமை. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 110-க்குக் கீழே போனால் திணறல், மைனஸ் 120 என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. இந்த எண்ணில் ஒவ்வொரு படியும் ஒரு டெசிபல். இதில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 3 டெசிபல் கூடினால் சிக்னல் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. மைனஸ் 115-ஐ மைனஸ் 105 ஆக்குவது சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் அது பத்து மடங்கு.

ஒரு நோட்டு எடுத்து அறை, திண்ணை, மொட்டைமாடி என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நின்று எண்ணை எழுதுங்கள். அப்புறம் ஒரு நீள மூங்கிலின் நுனியில் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஆப்பைத் திறந்து, ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓடவிட்டு, மாடியிலிருந்து தூக்கிப் பிடியுங்கள். இறக்கியதும் வீடியோவைப் போட்டுப் பார்த்தால் உச்சியில் என்ன கிடைத்தது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் மின் கம்பி போகும் இடத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. எனக்கு அறையில் மைனஸ் 118, மாடியில் மைனஸ் 109, மூங்கில் நுனியில் மைனஸ் 103. ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்த இந்த மூன்று எண்கள்தான் மற்ற எல்லா முடிவுக்கும் அடிப்படை.

மூங்கில் நுனியிலும் 'நோ சர்வீஸ்' என்றே வந்தால் அந்த நிறுவனத்துக்காக ஆன்டெனா வாங்காதீர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆன்டெனா என்பது அகப்பைதான். வேறு நிறுவன சிம்மைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. எண் நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு எதுவும் திறக்கவில்லை, விடிகாலை ஐந்து மணிக்குப் பறக்கிறது என்றால் உங்கள் சிக்கல் சிக்னல் இல்லை, டவரில் கூட்டம். வேறு டவரைப் பிடிக்க முடிந்தால் ஒழிய, அதை ஆன்டெனாவால் தீர்க்க முடியாது.

போனில் செருக இடமில்லை, பிறகு எப்படி?

இன்றைய போன்களில் வெளி ஆன்டெனாவை மாட்டும் துளை கிடையாது. போனின் முதுகில் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' வெறும் ஸ்டிக்கர்தான், அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது பூஸ்டர். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் மொபைல் பூஸ்டரை விற்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் நம் நாட்டில் சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அக்கம்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். தரமில்லாத பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் பெருக்கி டவருக்கே திருப்பி அனுப்பும். உங்கள் வீட்டில் நான்கு கோடு தெரியும்போது அந்த டவரை நம்பியிருக்கும் சுற்றுவட்டாரமே தவிக்கும்.

சரியான வழி இது: சிம் போடும் 4ஜி ரௌட்டர் ஒன்று வாங்கி, அதில் வெளி ஆன்டெனாவை மாட்டுவது. ரௌட்டர் வீட்டுக்குள் வைஃபை கொடுக்கும். போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் சாதாரண அழைப்பும் அந்த வழியாகவே போகும், வரும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. ரௌட்டரில் ஒரு நிறுவன சிம், போனில் வேறு நிறுவன சிம் இருந்தாலும் பரவாயில்லை. பல போன்களில் ஓடிபி குறுஞ்செய்தியும் இப்படியே வந்துவிடும். ரேஷன், கேஸ், வங்கி எல்லாம் ஓடிபியில் நடக்கும் காலத்தில் அது பெரிய நிம்மதி.

ரௌட்டர் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். கழற்றக்கூடிய ஆன்டெனாவோ, எஸ்எம்ஏ என்ற திருகு துளை இரண்டோ இருக்க வேண்டும். சில ரௌட்டர்களில் கழற்ற முடிவது வைஃபை ஆன்டெனா மட்டும்தான், 4ஜி ஆன்டெனா உள்ளேயே இருக்கும். கடைக்காரரிடம் 'எல்டிஇ (4ஜி) ஆன்டெனா கழற்ற வருமா' என்றே கேளுங்கள். கையில் அடக்கமான பாக்கெட் ஹாட்ஸ்பாட்கள் பெரும்பாலும் இதற்கு உதவாது.

டவர் எந்தப் பக்கம், எந்த அலைவரிசை?

தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் இடத்தைக் குறித்தால் சுற்றியுள்ள டவர்களைக் காட்டும். வரைபடத்தில் பார்த்துத் திசைகாட்டியால் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் இருப்பவர்கள் தென்பெண்ணைக்கு இக்கரை, அக்கரை என்று யோசிக்க வேண்டாம். புதுச்சேரியும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் வருகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்க டவர் நன்றாகக் கிடைத்தால் தாராளமாகப் பிடியுங்கள்.

நம் ஊர் சமதரை. நாற்பது மீட்டர் டவருக்கும் ஆறு மீட்டர் கம்பத்துக்கும் நடுவில் பூமியின் வளைவு குறுக்கிட வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதனால் மறைப்பது மரமும் வீடும்தான். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். கம்பத்தை இரண்டு மீட்டர் உயர்த்தி மரத் தலைக்கு மேலே கொண்டுபோனால் கிடைக்கும் பலன், இரண்டு மடங்கு விலையுள்ள ஆன்டெனாவிலும் கிடைக்காது.

அலைவரிசை விஷயம் சுருக்கமாக: ஜியோ 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸிலும், ஏர்டெல் 900, 1800, 2100, 2300-லும், பிஎஸ்என்எல் 4ஜி 700, 2100-லும் ஓடுகின்றன. எண் சிறிதானால் தோப்பை ஊடுருவும் திறன் கூடும். எண் பெரிதானால் வேகம் உண்டு, ஆனால் இலையிலேயே தங்கிவிடும். உங்கள் வீட்டில் எது வருகிறது என்று மேலே சொன்ன ஆப்களே காட்டும்.

எந்த ஆன்டெனா?

பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா நினைவிருக்கிறதா? அது யாகி வகை. 1926-இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இருவர் கொடுத்த வடிவம். ஒரு அலைவரிசைக்கென்றே செய்த யாகி நன்றாக வேலை செய்யும், ஆனால் நிறுவனத்தை மாற்றினால் உதவாமல் போகலாம். அதனால் வீட்டுக்கு நான் சொல்வது லாக் பீரியாடிக். மீன் முள் போலவே இருக்கும், ஒரு முனையில் நீளக் கம்பிகள், போகப்போகச் சின்னக் கம்பிகள். 698 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன எல்லாம் அதில் அடங்கிவிடும். பலன் 9 முதல் 11 டெசிபல்.

வட்டச் சல்லடை போலப் பெரிய கிரிட் ஆன்டெனாவில் 24 டெசிபல் என்று போட்டிருக்கும். ஆசைப்படாதீர்கள். அதன் பார்வை பத்து டிகிரிக்குள் அடங்கிவிடும், ஆடிக் காற்றில் ஒரு விரல் திரும்பினாலும் டவரைத் தவறவிடும். லாக் பீரியாடிக்கின் பார்வை ஐம்பது, அறுபது டிகிரி அகலம், கொஞ்சம் பிசகினாலும் தாங்கும்.

4ஜி இரண்டு ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் வேலை செய்யும். முடிந்தால் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, மற்றதை வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்து, எதிரே நின்று பார்த்தால் பெருக்கல் குறியின் இரு கோடுகள் போல இருக்கும்படி, அரை மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் மாட்ட வேண்டும். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் ஒன்றிலேயே தொடங்கலாம். அதை ரௌட்டரின் முதல் துளையில் மாட்டி, இன்னொன்றில் அதன் சொந்தக் குச்சியை விட்டுவிடுங்கள்.

கேபிள்: நான் ஏமாந்த இடம்

முதல் தடவை வாங்கியபோது கடையில் ஆன்டெனாவோடு பதினைந்து மீட்டர் மெல்லிய கருப்புக் கேபிளையும் சுருட்டிக் கொடுத்தார்கள். ஆர்ஜி-58 என்று பொடி எழுத்தில் அதன் மேலேயே இருந்தது, எனக்குத்தான் பொருள் தெரியவில்லை. வெயிலில் அரை நாள் நின்று எல்லாவற்றையும் மாட்டி, ரௌட்டரைப் பார்த்தால் மைனஸ் 110. மாடியில் போன் காட்டிய எண்ணை விடவும் மோசம். ஆன்டெனாவே போலி என்று நினைத்து மூன்று வாரம் தூக்கிப் போட்டு வைத்திருந்தேன்.

ஆன்டெனா நல்லதுதான். அந்தக் கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.7 டெசிபல் தின்றுவிடும். பதினைந்து மீட்டருக்குப் பத்துக்கு மேல். ஆன்டெனா சேர்த்துக் கொடுத்த பத்தையும் கேபிள் வழியிலேயே குடித்துவிட்டது. வாய்க்கால் முழுக்க ஓட்டை இருந்தால் மோட்டார் எத்தனை குதிரைத் திறனாக இருந்தால் என்ன, கடைமடைக்குத் தண்ணீர் வராது.

அதனால் ஆன்டெனாவுக்கு முன்னால் கேபிளைத் தீர்மானியுங்கள். எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் அதே 1800-இல் பத்து மீட்டருக்கே 2 டெசிபல்தான் எடுக்கும். சுண்டுவிரல் தடிமன் இருக்கும், வளைக்கச் சிரமம், விலையும் கூட. ஐந்து மீட்டருக்குள் முடியுமென்றால் எல்எம்ஆர்-200 போதும், அது இரண்டரை டெசிபலுக்குள் அடங்கும். வீட்டில் கிடக்கும் டிஷ் கேபிள் 75 ஓம், இந்த வேலைக்கு 50 ஓம். அந்த வித்தியாசத்தால் பெரிய நட்டமில்லை, ஆனால் முனைகள் பொருந்தாது, ஒவ்வொரு இணைப்பியும் கொஞ்சம் தின்னும். புதிதாக வாங்குவதென்றால் 50 ஓமே வாங்குங்கள்.

முனைகளைக் கவனியுங்கள். ரௌட்டரில் மாட்டும் முனையின் நடுவே ஊசி இருந்தால் அது எஸ்எம்ஏ ஆண். நடுவில் துளையும் சுற்றி அதே திருகும் இருந்தால் அது வைஃபைக்கான ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் நடுவில் தொடர்பே இருக்காது. மாட்டியாகிவிட்டது, எண் மட்டும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

கேபிளைக் குறைக்க நல்ல வழி, ரௌட்டரையே மேலே கொண்டுபோவது. மாடிப்படி அறையில் ரௌட்டரை வைத்து, ஆன்டெனாவுக்கு மூன்று மீட்டர் கேபிள், கீழே இறங்க ஈதர்நெட் வயர். ஈதர்நெட் நூறு மீட்டர் வரை எதையும் இழக்காது. நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். தகரப் பெட்டிக்குள் வைத்து வெயிலில் மட்டும் மாட்டாதீர்கள், கத்திரி வெயிலில் ரௌட்டர் வெந்துவிடும்.

கம்பம் நிறுத்துதல்

சோதனைக்குச் சவுக்குக் கம்பு போதும். நிரந்தரமாக வைக்க ஒன்றரை அங்குல ஜிஐ பைப், ஆறு மீட்டர். மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு கிளாம்பு, பைப்பின் மேல் பாதியிலிருந்து மூன்று திசைக்கு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற ஊரில் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்கள் ஸ்டே கம்பியைச் சிக்கனம் பிடிக்க மாட்டார்கள். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கூரையில் பாரம் வைக்காமல், தரையில் குழி தோண்டி கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இபி லைனைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு மீட்டர் பைப் என்றால் லைனிலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி, எல்லாப் பக்கமும். தோப்பு வழியாகப் போகும் 11 கேவி லைனுக்கு இதைவிட அதிகமாக விலகுங்கள். தூக்க மூன்று பேர் வேண்டும். காற்றடிக்கும் நாளிலும் மழை ஈரத்திலும் தூக்கக் கூடாது. இடமே இல்லை என்றால் ஆன்டெனாவே வேண்டாம்.

கம்பத்தின் அடியிலிருந்து தடித்த ஜிஐ கம்பியை வளைக்காமல் நேராக இறக்கி எர்த் குழியில் சேருங்கள். அதை வீட்டு எர்த்தோடு இணைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். நேரடி இடியை எதுவும் தடுக்காது, அதனால் இடி தூரத்தில் இருக்கும்போதே ரௌட்டரின் பிளக்கையும் ஆன்டெனா கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

திசை பிடித்தல்

முதலில் ஒரு விஷயம்: மீன் முள்ளின் சின்னக் கம்பிகள் இருக்கும் கூர்முனைதான் டவரைப் பார்க்க வேண்டும். அகலப் பக்கத்தைக் காட்டி வைத்துவிட்டுப் பலனில்லை என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே இருப்பவர் போன் பிரௌசரில் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அங்கே ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது வலிமை. இரண்டாவது தெளிவு, இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. அது 20-க்கு மேல் என்றால் அற்புதம், 10 என்றால் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே என்றால் கூச்சல்.

எங்கள் வீட்டில் தம்பி மகன் கீழே உட்கார்ந்து கத்தினான். "மைனஸ் நூத்தி ஒண்ணு, நாலு, பெரியப்பா!" முப்பது டிகிரி திருப்பினேன். "இருங்க பெரியப்பா, இன்னும் மாறல." அவசரப்படக் கூடாது. ரௌட்டர் ஒவ்வொரு நிலையிலும் நிதானிக்க ஒரு நிமிடமாவது எடுக்கும். "மைனஸ் தொண்ணூத்தி நாலு, ஒம்போது! அப்படியே புடிங்க!" இப்படிப் பன்னிரண்டு திசையும் சுற்றி நோட்டில் எழுதினோம். வரைபடத்தில் மிக அருகே இருந்த டவர் தோப்புக்கு நேர் பின்னால். அதைவிட, தெற்கே வயல்வெளியைத் தாண்டியிருந்த தூரத்து டவர்தான் நன்றாக வந்தது. கிட்டத்து டவரே நல்லது என்று நினைத்திருந்தால் தோற்றிருப்பேன்.

இரண்டு எண்ணில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் எஸ்ஐஎன்ஆரைத் தேர்ந்தெடுங்கள். சமதரையில் நாலாபுறமும் இருந்து டவர்கள் ஒன்றின் மேல் ஒன்று கத்தும். திசை ஆன்டெனாவின் பெரிய நன்மையே, பார்க்காத பக்கத்துக் கூச்சலைக் கேட்காமல் விடுவதுதான். டவர் பக்கமும் இதேதான். உங்கள் ரௌட்டர் டவரோடு பேச அதனிடம் இருப்பது 0.2 வாட் சக்தி. ஆன்டெனா அந்தச் சின்னக் குரலையும் ஒரே பக்கமாகக் குவித்து அனுப்பும்.

நல்ல திசை கிடைத்ததும் ஐந்து ஐந்து டிகிரியாக நுணுக்கி, நட்டை இறுக்கி, பைப்பிலும் கிளாம்பிலும் சேர்ந்தாற்போல் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். காற்றில் திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர், உப்பு

வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் மீதும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண கருப்பு டேப்பைச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடு வேய்ந்தது போல மடிப்பு அமைந்து தண்ணீர் இறங்காது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது செம்பை அரிக்கும். சுவருக்குள் நுழையும் முன் கேபிளைத் தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்கள், மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் கிளாம்பு, போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், உப்புக் காற்றுக்கு மற்றது தாங்காது.

கடைசியாக, போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கைப் போடுங்கள். விமான நிலையில் வைத்து வைஃபையை மட்டும் இயக்கி, ஒரு நம்பருக்கு அழைத்துப் பாருங்கள். போனால் வேலை முடிந்தது. கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் ரௌட்டருக்கென்று 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். வாங்குமுன் ரௌட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடி முடிந்ததும் ஐப்பசிக்கு முன்னும், மேலே ஏறிப் பெயின்ட் கோடு, ஸ்டே கம்பி, டேப் மூன்றையும் பாருங்கள். மாதம் ஒருமுறை ரௌட்டர் எண்ணை நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் ஆறு, ஏழு டெசிபல் இறங்கினால் இணைப்பில் தண்ணீர். மாதத்துக்கு ஒன்றாக இறங்கினால் மரம் வளர்கிறது. எங்கள் கிழக்குத் தோப்பில் இது மூன்றாம் வருடம். போன வாரம் எழுதிய எண் மைனஸ் 95.